குறையில்லாத பைனாகுலர்

அக்டோபர் 12, ஞாயிறு

"நான் எதையும் சுடப் போறதில்ல பூரணி, பாத்து மட்டும் சொல்லப் போறேன்" என்கிறார் இவர். மான் வேட்டைக்குப் போய் மானைப் பார்த்து மட்டும் சொல்கிற வேலை ஒன்று உலகத்தில் இருப்பது இன்று மதியம்வரை எனக்குத் தெரியாது.

இவர் வேலை பார்க்கும் காகித ஆலையில் டேல் என்பவர் மேலாளர். நல்ல மனிதர். மாடசாமி என்ற இவர் பெயரை முதல் வாரமே 'மேட்' என்று வெட்டிக் கையில் கொடுத்தவர். அமெரிக்காவில் இந்த விஸ்கான்சின் பக்கம் நவம்பர் கடைசியில் மான் சீசன் தொடங்கினால் பாதி ஊர் காட்டுக்குள் போய்விடும். டேலுக்கும் காட்டில் ஒரு கேபின் உண்டு. இந்த வருடம் 'மேட்'டையும் கூப்பிட்டிருக்கிறார். துப்பாக்கி வேண்டாமாம். நல்ல பைனாகுலர் ஒன்றோடு வந்தால் போதும், மரத்து மேல் கட்டியிருக்கும் பரணில் பக்கத்தில் உட்கார்ந்து மான் எங்கே நிற்கிறது என்று காதில் சொன்னால் போதும். டேலுக்கு வயதாகிவிட்டது, தூரத்தில் இருப்பது முன்போலத் தெரிவதில்லையாம்.

"கண்ணு தெரியாதவர் கைல துப்பாக்கி, கண்ணு தெரிஞ்சவர் கைல பைனாகுலரா?" என்று கேட்டேன்.

"அதுல தூரத்தக் காட்டுத ஸ்கோப் இருக்குல்லா" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் போனால் ஞாயிறு சாயங்காலம்தான் வருவார். இரண்டு ராத்திரி நானும் குழந்தை தாமிராவும் மட்டும். ஆகஸ்டில் அவளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்ததே, அதற்குப் பிறகு ஒரு ராத்திரிகூட நாங்கள் தனியாக இருந்ததில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வருவதுதான், வளர வளர நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டார். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பைனாகுலரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

"போய்ட்டு வாங்க" என்றேன். "ஆனா நல்ல பைனாகுலர் அமையாம போகக் கூடாது. நாலு பேர் முன்னால நமக்குத்தான் அசிங்கம்."

"அதச் சொல்லு! நீயே பாத்து வாங்கிரு. நீதான பிசிக்ஸ் படிச்சவ. அவசரமே இல்ல" என்றார்.

பட்ஜெட் இருநூறு டாலர். ரொம்ப இழுத்தால் இருநூற்றைம்பது.

அக்டோபர் 14, செவ்வாய்

பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. படித்தபோது ஒளியியலில் வகுப்பிலேயே நான்தான் முதல். அது டயாப்பர் மாற்றவா உதவும் என்று நினைத்திருந்தேன். இன்று உதவியது.

எல்லாப் பைனாகுலரிலும் இரண்டு எண் போட்டிருக்கிறது. முதல் எண், பொருளை எத்தனை மடங்கு கிட்டே கொண்டுவரும் என்பது. இரண்டாவது, முன்பக்கக் கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பது. அகலம் கூடினால் வெளிச்சம் கூட வரும். மான் விடியலிலும் அந்தியிலும்தான் வெளியே வருமாம், ஆகவே வெளிச்சம்தான் முக்கியம். மடங்கு கூடினால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு கூடும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணுக்கும் வில்லைக்கும் நடுவே இடம் வேண்டும். இவர் கண்ணாடி போடுகிறவர். எடை, மழை, பனி என்று பார்த்தால் இதைத் தேர்ந்தெடுக்கவே இரண்டு மாதம் ஆகும். இருப்பது ஒரு மாதம்.

அது என் தப்பில்லை.

அக்டோபர் 18, சனி

முதல் பைனாகுலர் வந்தது. பத்துக்கு இருபத்தைந்து. கைக்குள் அடங்கும், அழகு. தாமிரா அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு ஒன்றே கால் வயது, உலகத்தில் எது வந்தாலும் அவளுக்குப் பெட்டிதான் பொருள்.

இருட்டத் தொடங்கும்போது ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டியைப் பார்த்தேன். தொட்டி எது, இருட்டு எது என்று பிரிக்க முடியவில்லை. அந்த இடத்தில் ஒரு மான் நின்று நாட்டியமாடினாலும் தெரியாது.

"இது சரிப்படாதுங்க. திருப்பி அனுப்பிருவோம்."

"அடடா" என்றார் இவர். உடனே எழுந்து போய் எனக்கும் சேர்த்துக் காபி போட்டுக்கொண்டு வந்தார். சீனிகூடச் சரியாக இருந்தது. கொஞ்சமும் எரிச்சல் கிடையாது. நல்ல மனசு.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முறுக்கு பிழிந்தேன், புகை அலாரம் அடித்தது, ஜன்னல்களைத் திறந்தேன், குளிரில் மாவு இறுகியது.

அத்தை போன் செய்தார்கள். மகன் வேட்டைக்குப் போகிற சமாச்சாரத்தைக் கேட்டுச் சிரிப்பாணி அடக்க முடியவில்லை அவர்களுக்கு. "நம்ம ஊர்ச் சாமி மாடசாமி, கோயில் கொடைக்குக் கொடை தீப்பந்தம் புடிச்சுக்கிட்டு வேட்டைக்குப் போவாரு. அந்தப் பேர வச்சவன் கண்ணாடி புடிச்சுக்கிட்டுப் போறானாக்கும்! ஏளா பூரணி, அவன் வீட்ல பல்லியப் பாத்தாலே கட்டில் மேல ஏறுவானே."

"இப்பவும் நான்தான் அத்தை பல்லி விரட்டுதேன்" என்று சொல்ல வந்தேன். இந்த ஊரில் பல்லி இல்லை. சிலந்தி உண்டு. அதை நான்தான் விரட்டுகிறேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

இரண்டாவது. பன்னிரண்டுக்கு ஐம்பது. வெளிச்சம் பிரமாதம். ஆனால் பிறந்த அன்று தாமிரா இருந்த கனத்தில் பாதி இருக்கும். கழுத்தில் மாட்டியதும் மாலை போட்ட ஆடு மாதிரி இவர் தலை முன்னால் சாய்ந்தது. நான் வாங்கிப் பார்த்தேன். எதிர்வீட்டுத் தபால்பெட்டி கரகாட்டம் ஆடியது. மூச்சை அடக்கினேன். அடக்கினால் தலை சுற்றியது, கரகாட்டம் நிற்கவில்லை.

"இதையும் அனுப்பிருவோமா?" என்று இவரே கேட்டார். கேட்கும்போதே ஒட்டும் டேப்பை எடுத்து வைத்திருந்தார்.

நவம்பர் 2, ஞாயிறு

மூன்றாவது பத்துக்கு நாற்பத்திரண்டு. பார்சல் அலுவலகப் பெண்மணி இப்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். 'புரானி' என்கிறார். பரவாயில்லை, 'மேட்'டைவிட மேல்.

இதில் எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் தெரிந்தது. இவரிடம் கொடுத்து, மூக்குக் கண்ணாடியோடு பார்க்கச் சொன்னேன்.

"கறுப்பா வட்டமா அடிக்குது" என்றார்.

"லேசாவா, நெறையவா?"

"நெறைய." நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

கண்ணுக்கும் வில்லைக்கும் இடைவெளி போதாது. கணக்குப் போட்டும் பார்த்தேன், போதாதுதான். கொஞ்சம்தான் போதாது என்றாலும் போதாதது போதாததுதானே. டேப் எங்கே என்று கேட்டேன். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

நவம்பர் 5, புதன்

கார் லைசென்ஸ் ஜூனிலேயே வாங்கிவிட்டேன் என்பதைப் பதிவுக்காக எழுதுகிறேன். இவர் பக்கத்தில் இருந்தால் மளிகைக் கடைவரை ஓட்டுவேன். தாமிராவைப் பின்னால் வைத்துக்கொண்டு தனியாக ஓட்டியதில்லை. பின்னால் அவள் சத்தமே போடாமல் இருந்தால் என்ன செய்வது? திரும்பிப் பார்த்தால் ரோடு போச்சு, பார்க்காவிட்டால் உயிர் போச்சு. ஒருநாள் அவசரம் என்றால் என்ன செய்வாய் என்று அம்மா போனில் கேட்டாள். அவசரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். இப்போது நினைத்தால் அது பதிலே இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

நான்காவது, எட்டுக்கு நாற்பத்திரண்டு. வந்து இரண்டு நாளாயிற்று. இரண்டு நாளும் சோதனைதான்.

மழை தாங்குமா என்று பாத்திரம் கழுவும் தொட்டியில் முக்கினேன், தாங்கியது. பனி மூடுமா என்று ஃப்ரீசரில் பட்டாணிக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தேன், வெளியில் மூடியது, உள்ளே இல்லை. ஓரத்தில் கோடு வளைகிறதா என்று குளியலறை டைல்ஸைப் பார்த்தேன், வளையவில்லை. தாமிரா சோபாவிலிருந்து கீழே தள்ளினாள். அவளைத் திட்டவில்லை. ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் புல்வெளி முடிகிற இடத்தில் நிஜமாகவே ஒரு மான் வந்தது. தாமிராவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். ஒற்றைக் கையில் நடுங்கவில்லை. இருட்டப் போகிற நேரம். அதன் கண்ணிமை முடி தெரிந்தது. ஒவ்வொன்றாக. வாயில் ஒரு புல் தொங்கிக்கொண்டிருந்தது, அதை மறந்துவிட்டு என்னையே பார்த்தது. இத்தனை அருகில் வேறோர் உயிரின் முகம் என்று நான் பார்த்தது தாமிரா முகத்தை மட்டும்தான்.

இவர் பின்னால் வந்து நின்றார். "எப்படி இருக்கு?"

பொய் சொல்லலாம். வேறு எதில் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், ஒளியியலில் முடியாது. "நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"நல்லாப் பாரு. வார் கழுத்துல உறுத்துமோ?"

"உறுத்தல."

"கண்ணாடியோட பாத்தா…"

"நேத்தே உங்களப் பாக்கச் சொன்னேன்லா. முழுசா தெரியுதுன்னிய."

"விலை?"

"பட்ஜெட்டுக்குள்ளதான்."

வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தயிர்சாதம்.

நவம்பர் 15, சனி

பைனாகுலரை மறுபடி துடைத்தேன். திருப்பி அனுப்பக் கெடு நேற்றோடு முடிந்தது.

நவம்பர் 19, புதன்

இவருக்கு ஆரஞ்சு நிறத்தில் தொப்பி, கோட்டு, கையுறை எல்லாம் வாங்கியாயிற்று. மான் என்று நினைத்து யாரும் சுட்டுவிடக் கூடாதே. எல்லாம் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றார். தாமிரா ஒரு பார்வை பார்த்துவிட்டு அழுதாள்.

"வேணும்னா நான் போகல பூரணி."

"சே, டேல் என்ன நினைப்பாரு?"

"ஆமா. டேல் என்ன நினைப்பாரு."

டேல் பாவம் எதுவும் நினைக்காமல் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

நவம்பர் 21, வெள்ளி. டேலின் கேபினில்

ஆம், கேபினில். நானே நம்பவில்லை, ஆகவே வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் டேல் தன் பிக்கப் டிரக்கில் வந்து இவரை ஏற்றிக்கொண்டார். இவர் தாமிராவுக்கு முத்தம் கொடுத்தார், எனக்கு ஆயிரம் பத்திரம் சொன்னார், ஏறி உட்கார்ந்தார். டிரக் பின்னால் நகர்ந்து தெருவில் இறங்கும்போது பார்க்கிறேன், செருப்பு ஸ்டாண்டு மேல் பைனாகுலர் பை!

டிரக்கின் ஜன்னல் திறந்திருந்தது. "ஏங்க" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் வெளியே கிளம்பிய ஆளைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாதே. கடைக்குப் போகிறவரையே கூப்பிட மாட்டோம், துப்பாக்கிகளுக்கு நடுவே போகிறவரையா கூப்பிடுவது? நான் அறிவியல் படித்தவள். படித்தவள்தான். அந்த நொடியில் படிப்பு ஒரு பக்கம் நின்றது, நான் வாயைப் பொத்திக்கொண்டு இன்னொரு பக்கம் நின்றேன். ஓடிப்போய் டிரக்குக்கு முன்னால் நின்று கூப்பிட்டிருக்கலாமே என்று டிரக் முனை திரும்பிய பிறகு தோன்றியது.

போனை எடுத்தேன். போனில் கூப்பிட்டாலும் அது பின்னாலிருந்து கூப்பிடுவதுதானே? வண்டி வடக்கே பார்த்துப் போகிறது, நான் தெற்கே இருக்கிறேன். சரி, போய்ச் சேர்ந்து வண்டியை விட்டு இறங்கட்டும், அதற்குப் பிறகு கூப்பிட்டால் அது பின்னால் ஆகாது என்று முடிவு செய்து, பொறுமையாகக் காத்திருந்து கூப்பிட்டேன். கேபினில் சிக்னலே கிடையாது. அதை இவர் எனக்கு முன்பே இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

பைனாகுலரைப் பார்த்தேன். ஒரு மாதம் தேடிய பொருள். அது இல்லாமல் அங்கே இவருக்கு வேலையே கிடையாது. நாலு பேர் முன்னால் வெறும் கையோடு நிற்பார், டேல் சிரித்துக்கொண்டே பரவாயில்லை மேட் என்பார், இவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். புது ஊரில் ஒன்றும் புரியாதபோது நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பு.

விலாசம் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தது. தாமிராவின் பை, மாற்று உடுப்பு, பால், மருந்து, கம்பளி, இந்த நாட்குறிப்பு, ஒரு தலையணை என்று நாடு விட்டு நாடு போகிற மாதிரி காரில் ஏற்றினேன். தாமிராவைப் பின்னால் கட்டினேன். அவள் சத்தம் போட்டுக்கொண்டே வர வேண்டும் என்பதற்காகக் கையில் ஒரு கரண்டியும் சில்வர் டம்ளரும் கொடுத்தேன்.

நாற்பது மைல். வழியெல்லாம் டங்கு டங்கு என்று தட்டிக்கொண்டே வந்தாள். என் வாழ்நாளில் கேட்ட மிக இனிய சத்தம் அதுதான். ஒரு டிராக்டர் என்னை முந்திப் போனது. ஓட்டியவர் தொப்பியை லேசாகத் தூக்கி மரியாதை செய்தார். ஒரு இடத்தில் டங்கு நின்றது. ஓரமாக நிறுத்தி, இறங்கி ஓடிப் பார்த்தால் டம்ளரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிறாள். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு. மறுபடி ஓட்டினேன்.

கேபின் வாசலில் டேலும் அவருடைய இரண்டு தம்பிகளும் ஆரஞ்சு உடுப்பில், மூன்று சாமந்திப் பூ மாதிரி நின்றார்கள். உள்ளே அடுப்படியில் ஏப்ரன் கட்டிக்கொண்டு இவர். பேன்கேக் மாவில் வெங்காய பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தாங்க, மறந்துட்டுப் போய்ட்டிய" என்று பைனாகுலரை நீட்டினேன்.

அந்த முகத்தை என்னவென்று எழுத? பெண்டாட்டி, பிள்ளை, கார் எல்லாம் தானாக வந்து நிற்பதைப் பார்த்த ஆச்சரியம் பாதி. மீதிப் பாதி, பரீட்சைத் தாளைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னவன் கையில் யாரோ அதைக் கண்டுபிடித்துக் கொடுத்த மாதிரி.

என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். "ஏட்டி, நான் மறக்கலட்டி. வேணும்னேதான் வச்சுட்டு வந்தேன்."

"என்னது?"

"அந்தப் பரண் மரத்து மேல பதினஞ்சு அடி. ஏணில ஏறணும். என்னால ஸ்டூல் மேல நின்னு பல்பு மாத்த முடியுமா? பைனாகுலர் இல்லன்னா கீழ அடுப்படில இருந்துக்கிடலாம்னு பாத்தேன்."

"அப்ப வரலன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா!"

"டேல்ட்ட எப்படிச் சொல்ல? நீயும் போங்க போங்கன்ன. ஆனா ஒண்ணொண்ணா நீ திருப்பி அனுப்பும்போது என் மனசு எவ்வளவு குளிர்ந்துச்சு தெரியுமா? நாலாவதையும் அனுப்பிருவன்னு கண்ண மூடிட்டு நம்பிட்டு இருந்தேன். திடீர்னு 'நல்லாத்தான் இருக்கு'ன்னுட்ட. பாவி."

"கறுப்பு வட்டம் நெசமாவே தெரிஞ்சுதா?"

"கொஞ்சம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கியிருப்பேன். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. நான் ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. அனுப்பும்போது மனசு குளிர்ந்தது அவருக்கு மட்டுமில்லை. சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று கல்யாணப் பத்திரிகையிலா அடித்திருக்கிறது?

உடனே திரும்பிவிடலாம் என்று சாவியை எடுத்தேன். டேல் விடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் மான்கள் ரோட்டுக்குக் குறுக்கே பாயும், காலையில் போகலாம் என்று தன் அறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டார். வெங்காயம் தீரும்வரை இவர் பஜ்ஜி போட்டுக்கொண்டே இருந்தார். டேலின் தம்பி ஒருவர் ஏழாவது பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, மேட் ஒவ்வொரு வருடமும் வர வேண்டும் என்றார். இவருக்கு விக்கல் எடுத்தது.

நவம்பர் 22, சனி

இதை மதியம் எழுதுகிறேன். தாமிரா தூங்குகிறாள். கை இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது.

விடியும் முன்னே டேல் காபிக் குவளையோடு வந்து நின்றார். "என் கண் தயாரா?" என்று கேட்டார். பைனாகுலர் மேசைமேல் இருந்தது. இவர் அதைப் பார்த்தார், ஏணி இருந்த பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். தண்ணீருக்குள் தள்ளப்படப் போகிற பூனையின் பார்வை.

"நான் வரட்டுமா?" என்று யாரோ கேட்டார்கள். நான்தான்.

டேல் ஒரு நொடி யோசித்தார். "நான்கு பைனாகுலரைத் திருப்பி அனுப்பியவர் நீங்கள்தானே?"

"மூன்று."

"வாருங்கள்" என்றார்.

இவருடைய ஆரஞ்சுக் கோட்டு எனக்கு முழங்கால்வரை வந்தது. தாமிராவை இவர் கையில் கொடுத்தேன். அவள் பிறந்ததிலிருந்து அவளை விட்டுவிட்டு, கூப்பிட்டால் கேட்காத தூரத்துக்கு நான் போனதில்லை. பால், மருந்து, கம்பளி என்று நான் ஆரம்பிக்க, "தெரியும் போ" என்றார் இவர். ஏணியில் ஏறும்போது பயம் வருமென்று பார்த்தேன். வரவில்லை. பயத்துக்கென்று வைத்திருந்த இடமெல்லாம் ஏற்கனவே நிறைந்திருந்தது.

பரணிலிருந்து காடு ஒரு பக்கம், கேபின் இன்னொரு பக்கம் தெரிந்தது. நான் பைனாகுலரைத் தூக்கிக் கேபின் ஜன்னலைப் பார்த்தேன். எட்டு மடங்கில் என் மகள். இவர் தோளில் உட்கார்ந்து இவர் முடியைப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் டேலின் தம்பி பேன்கேக் ஊட்டினார். வாயைத் திறந்து வாங்கினாள். என் கையில் ஒரு வாய் வாங்க வீட்டையே சுற்றி வருகிறவள். கன்னம் சிவப்பாக இருக்கிறதா, காய்ச்சலா என்று பார்த்தேன். ஜாம்.

"ஏதாவது தெரிகிறதா?" என்று டேல் கிசுகிசுத்தார்.

"இன்னும் இல்லை" என்றேன்.

"காடு அந்தப் பக்கம் இருக்கிறது" என்றார். தூரம் மங்கலானவருக்கு அது மட்டும் தெரிந்திருக்கிறது.

மெல்லத் திரும்பினேன். முதலில் மரங்கள்தான். அப்புறம் மரங்களுக்கு நடுவே குறுக்காக ஒரு கோடு. காட்டில் எல்லாமே செங்குத்தாக நிற்கும்போது குறுக்கே ஒரு கோடு கிடந்தால் அது முதுகு. அது நகர்ந்தது. பின்னால் இன்னொன்று, சின்னது. டேல் தோளைத் தொட்டு இடம் சொன்னேன். அவர் ஸ்கோப்பில் பார்த்துவிட்டு, கொம்பில்லை, தாயும் குட்டியும், போகட்டும் என்று துப்பாக்கியை மடியில் வைத்தார். தாய் முன்னால், ஓடையைப் பார்த்து நடந்தது. குட்டி எங்கேயோ நின்றுவிட்டது. தாய் திரும்பிப் பார்க்கவே இல்லை, காது மட்டும் பின்னால் திரும்பியிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே இலைகள் சரசரத்தன. டேல் குனிந்து பார்த்தார். இவர்தான், தாமிராவை இடுப்பில் வைத்துக்கொண்டு, மரத்திலிருந்து பத்தடி தள்ளி.

"ஏட்டி பூரணி! இவ சிணுங்குதா. பசிக்கோ என்னமோ. இறங்கி வா."

குட்டி அப்போதுதான் ஓடைக்கரைக்கு வந்திருந்தது. நான் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"வாழைப்பழம் பைல இருக்கு" என்றேன். "சத்தம் போடாதீங்க, ஓடிரும்."